காபி பொங்கிப் போச்சு

வெர்னா தண்ணீருக்குள் மைக்கை இறக்கிக்கொண்டிருந்தாள். ஒயரை முழம் முழமாக விட்டுக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "யாரு அது சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கிறது? இன்னொரு தடவை சத்தம் கேட்டுச்சு, மைக்குக்குப் பின்னாடியே ஆளையும் இறக்கிருவேன்" என்றாள். பாக்கெட் சத்தம் நின்றது. 'பெட்ரல்' படகின் முன்தளத்தில் ஆறு விருந்தாளிகள் ஆளுக்கொரு பீரங்கி மாதிரி நீண்ட லென்சைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இஞ்சினை அணைத்தாயிற்று. ஃபிரெடரிக் சவுண்ட் என்ற அந்த ஜலசந்தி ஈயத் தகடு மாதிரி அசையாமல் கிடந்தது. அக்கரை மலைகளில் பாதிக்கு மேல் மேகம். காலையிலிருந்து நசநசவென்று தூறிக்கொண்டிருந்த மழை, ஏதோ சொல்லிவைத்தது போல விட்டிருந்தது. அலாஸ்காவில் ஜூலை மாதத்தில் இதற்குமேல் யாரும் கேட்க முடியாது.

சிக்னே நெசெட் சுக்கான் அறையில் நின்றபடி அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டிய பெண். படகு அவளுடையது. சுக்கான் பிடிப்பது அவள், சமையலும் கயிறும் வெர்னா, படம் எடுக்கச் சொல்லிக்கொடுக்க சியாட்டிலிலிருந்து வந்த டெஸ். இவ்வளவுதான் மொத்த ஆட்கள். கோடைக்காலம் முழுக்க இப்படி ஆறு ஆறு பேராக ஏற்றிக்கொண்டு கரடியையும் கழுகையும் திமிங்கலத்தையும் தேடிப் போவார்கள். சிக்னே கேமரா வைத்துக்கொள்வதில்லை. கேமராவுக்குப் பின்னால் இருக்கும் முகங்களைப் பார்ப்பதுதான் அவளுக்குப் பிடித்த வேலை. பெரிய பெரிய மனிதர்கள்கூட கரடி ஒன்று கரையில் வந்து நின்றதும் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். அப்போது அவர்கள் பள்ளிக்கூடத்தில் எப்படி இருந்திருப்பார்கள் என்று தெரிந்துவிடும்.

இன்று அவள் பார்த்துக்கொண்டிருந்தது எமில் பிரசாக்கை. ஒமாஹாவில் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். திமிங்கலங்கள் கூட்டமாகச் சேர்ந்து வேட்டையாடுவதைப் படம் எடுக்க வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு. மூன்றாவது முறையாக வந்திருக்கிறார். முதல் வருஷம் பயணம் முழுக்க மூடுபனி. இரண்டாம் வருஷம் அது நடந்தது, ஆனால் நடந்த நேரத்தில் எமில் கழிவறையில் இருந்தார். எல்லோரும் கத்திய கத்தலில் பாதி பேன்ட்டோடு ஓடிவந்து பார்த்தபோது தண்ணீரில் நுரைதான் மிச்சம். அதனால் இந்த முறை காலையில் எழுந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. வெர்னா காபியை நீட்டியபோது, விஷத்தை நீட்டியது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒலிபெருக்கியில் சத்தம் வர ஆரம்பித்தது. துருப்பிடித்த கதவை யாரோ அடியாழத்தில் மெதுவாகத் திறப்பது போல. பிறகு அது பிளிறலாக மாறியது. ஒரு திமிங்கலம் பாடும். மற்றவை கீழே வட்டமாகச் சுற்றிக் குமிழிகளை ஊதி வலை பின்னும். மீன் கூட்டம் நடுவில் மாட்டிக்கொண்டு மேலே ஏறும். பாட்டு உச்சத்துக்குப் போய்ச் சட்டென்று நிற்கும். அதற்கடுத்த நொடி பத்துப் பன்னிரண்டு திமிங்கலங்கள் வாயைத் திறந்துகொண்டு ஒரே இடத்தில் தண்ணீரைக் கிழித்து எழும்பும்.

"பாட்டு நிக்கிறதைக் கேளுங்க. நின்னதும் அமுக்குங்க. எங்க வரும்னு என்னைக் கேக்காதீங்க, கடல்காக்கா எங்க பறக்குதோ அங்க பாருங்க" என்று டெஸ் கிசுகிசுத்தான்.

எமில் முழங்கையைக் கம்பியில் ஊன்றிக்கொண்டு கண்ணைக் கேமராவில் வைத்தார். சாமி, இந்த மனுஷனுக்கு இன்னைக்குக் குடுத்துரு என்று சிக்னே மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அப்போதுதான் தலைக்கு மேலிருந்த ரேடியோ பேசியது.

மீன்பிடிப் படகுக்காரர்கள் யாரோ இரண்டு பேர். ஒருவன் ஐஸ் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தான். பதில் சொன்ன குரலைக் கேட்டதும் சிக்னேயின் கை தானாக ரேடியோ பக்கம் போனது, சத்தத்தைக் குறைக்க. இரண்டு வருஷப் பழக்கம் அது. அண்ணன் ஆர்விட்டின் குரல் கேட்டால் குறைத்துவிடுவாள். ஆனால் இந்த முறை குமிழைத் தொடுவதற்குள் அவன் சொல்லிவிட்டான்.

"நான் போர்ட்டேஜ் குடாவுல நங்கூரம் போட்டுக் கெடக்கேன். ஐஸ் பத்தி அப்புறம் பேசறேன். காபி பொங்கிப் போச்சு."

அவ்வளவுதான். அவன் குரல் அடங்கிவிட்டது.

மற்றவனுக்கு அதில் ஒன்றும் இல்லை. "சரிப்பா" என்று சொல்லிவிட்டு வேறு யாரையோ கூப்பிடப் போய்விட்டான். சிக்னேயின் கை மட்டும் குமிழுக்கு முன்னால் அப்படியே நின்றது.

அண்ணன் தங்கை இருவரின் அப்பா ஹால்வர் நெசெட்டும் சித்தப்பாவும் இரண்டு படகில் சால்மன் பிடித்தவர்கள். ரேடியோவில் பேசுவதை ஊரே ஒட்டுக்கேட்கும். எங்கே மீன் இருக்கிறது என்று வாயைத் திறந்தால், மறுநாள் அங்கே முப்பது படகு நிற்கும். அதனால் அவர்கள் ஊரான பீட்டர்ஸ்பர்க்கில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ரகசியப் பேச்சு உண்டு. ஒரு வீட்டில் சீட்டாட்டம், ஒரு வீட்டில் பைபிள் வசனம். நெசெட் வீட்டில் வீட்டு வேலை. 'அம்மா துணி துவைக்கிறா' என்றால் மீன் அள்ள அள்ள வருகிறது. 'துணி காயலை' என்றால் ஒன்றுமில்லை. 'அத்தை வந்திருக்கா' என்றால் மீன்துறை அதிகாரியின் படகு பக்கத்தில் நிற்கிறது. அண்ணனும் தங்கையும் பல் விழுந்து முளைக்கும் வயதிலேயே இதையெல்லாம் மனப்பாடம் செய்தவர்கள். ஒருமுறை வீட்டுக்கு வந்த நிஜமான அத்தையைப் பார்த்து ஆர்விட் ஓடிப்போய் மீனையெல்லாம் ஒளித்து வைத்தான்.

'காபி பொங்கிப் போச்சு' என்பது மட்டும் விளையாட்டு இல்லை. எனக்கு ஆபத்து, நீ வா, ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று அர்த்தம். அதற்கு அப்பா ஒரு சட்டமும் வைத்திருந்தார். அதைக் கேட்டால் திருப்பிக் கேள்வி கேட்கக்கூடாது. கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். சிக்னேக்குத் தெரிந்து அதை ஒரே ஒருமுறைதான் சொன்னார்கள். அப்பாவின் கை கயிறு இழுக்கும் உருளையில் மாட்டிக்கொண்ட அன்று. சொன்னவன் ஆர்விட். மீசைகூட முளைக்காத வயது. குரல் கொஞ்சம்கூட நடுங்காமல், காபி பொங்கிப் போச்சு சித்தப்பா, என்றான். அன்றைக்கும் இதே மாதிரிதான் இருந்தது அந்தக் குரல். சலிப்பாக, அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொல்வது போல.

அவள் ரேடியோ மைக்கை எடுத்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொன்னாள். "ஆர்விட். ஆர்விட், இது பெட்ரல்." பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டாள். கரகரப்புதான் வந்தது.

"என்னாச்சு?" என்றாள் வெர்னா. ஒயரைப் பிடித்தபடியே சுக்கான் அறை வாசலுக்கு வந்திருந்தாள். வெர்னா அந்தப் பக்கத்திலிருக்கும் கேக் என்ற ஊர்க்காரி, கிளிங்கிட் என்ற பூர்வகுடி இனத்தவள். சிக்னேயோடு இந்தப் படகில் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. முகத்தைப் பார்த்தே பாதியைத் தெரிந்துகொள்வாள்.

"ஆர்விட் காபி பொங்கிப் போச்சுன்னான்."

"காபின்னா பொங்கத்தான் செய்யும்."

சிக்னே அதன் அர்த்தத்தைச் சொன்னாள். வெர்னா கதவில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டாள். பிறகு, "நெஜமாவே பொங்கியிருந்தா?" என்றாள்.

"அதைக் கேக்கக்கூடாது."

"உங்க குடும்பம் ஒரு குடும்பம்டி" என்றாள் வெர்னா. ஆனால் கை அதற்குள் ஒயரைச் சுற்ற ஆரம்பித்திருந்தது.

சிக்னே உடனே அசையவில்லை. கண்ணாடி வழியாக எமிலின் முதுகைப் பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னாலும் இப்படித்தான் நின்றாள், இதே அறையில், இதே மாதிரி முதுகுகளைப் பார்த்துக்கொண்டு. அப்பா இறந்து சாம்பலைக் கடலில் கரைக்க வேண்டியிருந்தது. விருந்தாளிகள் படகில். பயணம் முடிந்து வந்துவிடுகிறேன், அதுவரை காத்திரு என்று ஆர்விட்டிடம் சொன்னாள். அவன் காத்திருக்கவில்லை. அப்பாவின் பழைய சிநேகிதர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கரைத்துவிட்டு வந்தான். துறைமுகத்தில் வைத்துச் சண்டை. நீ காத்திருக்கலை என்றாள் அவள். உனக்குத் திமிங்கலம் படம் எடுக்கிறவங்கதான பெருசு, அப்பனை விட, என்றான் அவன். அதோடு சரி. சின்ன ஊர். சூப்பர் மார்க்கெட்டில் அவன் ரொட்டிப் பக்கம் வந்தால் அவள் சோப்புப் பக்கம் திரும்பிவிடுவாள். இரண்டு வருஷமாக அவள் வீட்டில் தேவைக்கு மேல் சோப்பு.

அவள் கதவைத் திறந்து வெளியே வந்தாள்.

"எல்லாரும் மன்னிக்கணும். நாம இப்பக் கிளம்பணும். எங்கண்ணன் போர்ட்டேஜ் குடாவுல இருக்கான். அவனுக்கு என்னமோ ஆயிருக்குன்னு நினைக்கிறேன்."

ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பல் டாக்டர் கெயில்தான் முதலில் பேசினாள். "என்ன ஆச்சு அவருக்கு?"

"தெரியலை."

"ரேடியோவுல என்ன சொன்னார்?"

சிக்னே தரையைப் பார்த்தாள். "காபி பொங்கிப் போச்சுன்னு சொன்னான்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு ஏறிக்கொண்டே போனது.

"கடலோரக் காவல்படையைக் கூப்பிடலாமே?" என்றாள் கெயில்.

"கூப்பிட்டு என்ன சொல்றது? காபி பொங்கிருச்சு, ஹெலிகாப்டர் அனுப்புங்கன்னா?" என்றாள் வெர்னா.

சிக்னே ரகசியப் பேச்சைப் பற்றி நாலு வார்த்தையில் சொன்னாள். சொல்லும்போதே தன் காதுக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. கெயில் லென்சை மெதுவாகக் கீழே இறக்கினாள். "எனக்கும் ஒரு அண்ணன் இருக்கான். ஆபத்துன்னா அவன் நேராச் சொல்லவே மாட்டான். போங்க கேப்டன்" என்றாள்.

எமில் மட்டும் திரும்பவே இல்லை. கண்ணைக் கேமராவில் வைத்தபடியே சொன்னார். "அஞ்சு நிமிஷம். அஞ்சே நிமிஷம் குடுங்கம்மா. பாட்டு முடியப் போகுது, கேக்குதுல்ல?"

கேட்டது. ஐந்து நிமிஷம்கூட ஆகாது. சிக்னேக்கு அந்தக் குரல் சுருக்கென்று தைத்தது. ஆனால் அப்பா இறந்தபோதும் இப்படித்தான் ஆரம்பித்தது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று.

"மன்னிச்சிருங்க எமில்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பெரிய திமிங்கலங்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் படகை மெல்லப் பின்னுக்கு நகர்த்தித் திருப்பினாள். பாதி திரும்பியபோது பின்பக்கம் கடல் பிளந்தது. இடி விழுந்தது போலச் சத்தம். கடல்காக்கைகளின் கூச்சல். டெஸ் மட்டும் அனிச்சையாக எதையோ அமுக்கினான். எமிலுக்கும் திமிங்கலங்களுக்கும் நடுவில் சுக்கான் அறை வந்து நின்றுவிட்டது. நுரை அடங்கியதும் அவர் லென்சுக்கு மூடியைப் போட்டார். உள்ளே வந்து மேசையில் உட்கார்ந்து, "காபி குடு. இனிமே எதுக்குப் பட்டினி கெடக்கணும்?" என்றார் வெர்னாவிடம். சிக்னே நின்ற பக்கம் அவர் பார்க்கவில்லை.

போகும் வழியெல்லாம் சிக்னே கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பதில் வரவில்லை. அண்ணன் படகில் தனி ஆள். மார்பைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடக்கலாம். கயிற்றில் கால் மாட்டித் தண்ணீருக்குள் போயிருக்கலாம். தண்ணீர் இந்தக் குளிரில் ஒரு மனிதனுக்கு எவ்வளவு நேரம் கொடுக்கும் என்று அவளுக்குத் தெரியும், அதனால் அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். இஞ்சினை முழு வேகத்துக்கு விட்டதில் சமையலறையில் தட்டுகள் எல்லாம் கிடுகிடுவென்று ஆடின.

குடாவுக்குள் நுழைந்ததும் 'மார்டா' தெரிந்தது. அம்மாவின் பெயரை அப்பா சூட்டிய படகு. நங்கூரத்தில் அமைதியாக, சும்மா நின்றது. விருந்தாளிகள் எல்லோரும் முன்தளத்துக்கு வந்திருந்தார்கள். எமில்கூட வந்தார். தூரத்தில் இருப்பதைக் கண்ணால் பார்க்க முடியாததால் ஆறு பீரங்கிகளும் மறுபடி ஏறின.

"ஆள் தெரியுது. நிக்கிறார்" என்றாள் கெயில்.

"நிக்கிறாரா?"

"நிக்கிறார். ஆனா…" கெயில் லென்சை விட்டுக் கண்ணை எடுத்தாள். "பேன்ட் இல்லை."

சிக்னே அருகில் கொண்டுபோய் நிறுத்தியபோது ஆர்விட் பின்தளத்தில் நின்றுகொண்டிருந்தான். மேலே தடித்த கம்பளிச் சட்டை. கீழே முழங்கால் வரை தொளதொளவென்ற நீண்ட உள்ளாடை, தொடைப் பக்கம் நனைந்து பழுப்பாக. துவைத்த பேன்ட் கம்பிக் கயிற்றில் தொங்கியது. நரைத்த தாடியைத் தடவிக்கொண்டு, தன்னை நோக்கி நீண்டிருந்த லென்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"என்னய்யா இது? நான் என்ன கரடியா?" என்றான்.

"கரடின்னா பேன்ட் போட்டிருக்கும்" என்றாள் வெர்னா.

சிக்னே தளத்துக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "என்ன ஆச்சு உனக்கு?"

"என்ன ஆச்சு? காபி பூரா பொங்கி மேல கொட்டிருச்சு. தொடை வெந்து போச்சு." அவன் அவளையே பார்த்தான். "நீ என்ன இங்க?"

"ரேடியோவுல ஏன் பதில் பேசலை?"

"கையில வெந்நிப் பானை, கால்ல நெருப்பு. ரேடியோவை எவன் பாத்தான்? அதுவும் காபியில குளிச்சிருச்சு, உள்ள செத்துக் கெடக்கு."

"நெஜக் காபியா?"

"பின்ன பொய்க் காபியா? காபின்னா காபிதான…" என்று சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். வாய் திறந்தபடி இருந்தது. பிறகு மெதுவாக மூடியது. "அடக் கடவுளே" என்றான். "அதுக்கா வந்த?"

அவள் தலையாட்டினாள்.

"திமிங்கலம் கெடைக்கலையா?"

"கெடைச்சுது. மேல வர்ற நேரம். விட்டுட்டு வந்துட்டேன்."

ஆர்விட் எமிலையும் கெயிலையும் மற்றவர்களையும் ஒரு சுற்றுப் பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்தான். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. யார்கிட்டயாவது சொல்லிக் கேக்கச் சொல்லியிருக்கலாம்."

"கேக்கக்கூடாதுன்னுதான அப்பா சொன்னாரு."

"அவரு சொன்னாருதான்" என்றான். கம்பியில் தொங்கிய பேன்ட்டை எடுத்து உடம்புக்கு முன்னால் பிடித்துக்கொண்டான், அப்போதுதான் வெட்கம் வந்தது போல.

வெர்னா மருந்துப் பெட்டியோடு அந்தப் படகுக்குத் தாவினாள். கொப்புளத்தைப் பார்த்துவிட்டு, "சாகமாட்ட. நல்லா கத்தணும்னா இப்பக் கத்திக்கோ" என்று களிம்பைத் தடவினாள். அவன் கத்தினான். விருந்தாளிகள் சிரித்துவிட்டார்கள். எமில் சிரிக்கவில்லை, ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டார். சிக்னே தன் படகிலேயே நின்றாள். அவனும் வா என்று கூப்பிடவில்லை. இரண்டு படகுக்கும் நடுவில் ஒரு கை அகலத் தண்ணீர், ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

கயிற்றை அவிழ்க்கும்போது ஆர்விட் பக்கத்தில் வந்தான். களிம்பு வாடை அடித்தது. "அன்னிக்குக் காத்து தெக்க திரும்பிருச்சு, பொடிமீனு" என்றான். சின்ன வயதில் அவளைக் கூப்பிட்ட பெயர். "ரேடியோவுல ஒரு வாரத்துக்குப் புயல்னாங்க. அப்பாவை அலமாரியில வச்சுக்கிட்டு ஒரு வாரம் என்னால முடியலை. அதை உன்கிட்ட சொல்லத் தெரியலை."

"ம்" என்றாள் அவள். தானும் அன்று திரும்பியிருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்வதற்குப் பதில் கயிற்றை வாங்கிச் சுற்றினாள்.

அன்று அதே குடாவில், கொஞ்சம் தள்ளி, பெட்ரலும் நங்கூரம் போட்டது. வெர்னா மீன் சூப்பும் எண்ணெயில் பொரித்த ரொட்டியும் செய்தாள். சாப்பிட்டதும் வழக்கம்போல ஆளுக்கொரு படத்தை டெஸ் பெரிய திரையில் போட்டுக் காட்டினான். அன்றைக்குத் திமிங்கலம் இல்லை. கெயில் ஒரு நீர்நாயைப் போட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். எமிலின் முறை வந்தபோது அவர் ஒன்றும் இல்லை என்று தலையாட்டினார். டெஸ் விடவில்லை. கடைசியில், "சரி, இது ஒண்ணு இருக்கு. சிரிக்காதீங்க" என்று கொடுத்தார்.

மார்டாவின் பின்தளம். ஆர்விட்டின் முதுகும் தொளதொள உள்ளாடையும். குடாவுக்குள் நுழைந்ததுமே வெகு தூரத்திலிருந்து எடுத்திருக்கிறார். மலையும் மேகமும் பச்சைத் தண்ணீரும், நடுவில் ஒரு மனிதன் பேன்ட் பிழிந்துகொண்டிருக்கிறான். எல்லோரும் சிரித்தார்கள். சிக்னேயும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு.

"திமிங்கலத்துக்குப் பதிலா இது பரவாயில்லை" என்றார் எமில். அன்று காலைக்குப் பிறகு முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பினார். "ஒண்ணு கேக்கணும் கேப்டன். உங்கண்ணன் படகுல தனி ஆளுதான?"

"ஆமா. ஏன்?"

எமில் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், மீன் கிடங்கின் மூடிக்குப் பக்கத்தில் விரலை வைத்தார். டெஸ் அந்த இடத்தைப் பெரிதாக்கினான். இரண்டு கோப்பைகள். சிக்னே நின்ற பக்கத்திலிருந்து பார்த்தால் கிடங்கு மூடிக்குப் பின்னால் மறைந்திருக்கும். ஒன்று சாதாரண வெள்ளைக் கோப்பை. இன்னொன்று சின்னது, நீல எனாமல். உடைந்த கைப்பிடிக்குச் செம்புக் கம்பி சுற்றியிருந்தது.

அது அவளுடைய கோப்பை. அந்தக் கம்பியைச் சுற்றியது அப்பா. அவளுக்கு அப்போது பல் விழுந்துகொண்டிருந்த வயது.

"அவரு நம்மளைத் திரும்பிப் பாக்குறதுக்கு முன்னாடி எடுத்தது இது. அப்பவே ரெண்டு கோப்பை இருக்கு. முதுகுதான தெரியுது" என்றார் எமில். பஸ் கண்ணாடியில் பின்னால் பார்த்தே பழகிய மனிதர். "இல்ல, இஞ்சின் சத்தம் முன்னாலயே கேட்டு எடுத்து வச்சாரோ என்னமோ."

"காபி பூரா கொட்டிப் போச்சுன்னு சொன்னானே" என்றாள் வெர்னா. தனக்குத்தானே சொல்லிக்கொண்டது போல இருந்தது.

சிக்னே கிட்டப் போய்ப் பார்த்தாள். இன்னும் பெரிதாக்கினால் படம் கட்டம் கட்டமாக உடைந்து போகும் போலிருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஜூலை மாதத்து வெளிச்சம் இன்னும் போகவில்லை. தண்ணீருக்கு அந்தப் பக்கம் மார்டா நின்றது. அதன் அடுப்புக் குழாயிலிருந்து மெல்லிசாகப் புகை எழும்பி, காற்றில்லாததால் நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

"வெர்னா" என்றாள், கண்ணை எடுக்காமல். "சின்னப் படகைத் தண்ணியில இறக்கு."